சென்னியம்மாள் அளந்த தண்ணீர்

சென்னியம்மாள் அக்காவுக்குக் குறைத்து ஊற்றத் தெரியாது. கணபதி பகுதியில் சுவரோடு சுவர் ஒட்டிய அந்த லைன் வீட்டுக்கு நாங்கள் குடிபோன அன்று வண்டியிலிருந்து சாமான்களை இறக்கக்கூட இல்லை, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து நின்றார். தண்ணீர் சொம்பின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. வாசலில் ஒரு சாக்கடை, இரண்டு வீட்டுக்கும் படி, இவ்வளவையும் தாண்டி வந்தும் ஒரு சொட்டுக் கீழே விழவில்லை. என் வீட்டுக்காரர் அக்பர் அலி லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். எதையும் நூல் பிடித்துப் பார்க்கிற புத்தி. இதற்குமேல் ஒரு சொட்டு ஊற்ற இடமில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

அக்கா காரமடைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் பிறந்தவர். யார் வந்தாலும் முதலில் தண்ணீர், அப்புறம்தான் பேச்சு, அதுவும் தளும்பத் தளும்பக் கொடுக்க வேண்டும் என்று வளர்த்துவிட்டார்கள். குறைத்துக் கொடுத்தால், குடித்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பு என்று வந்தவர் நினைத்துக்கொள்வாராம். பாதி டம்ளர் போதும் என்று நான் பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அக்கா தலையை ஆட்டுவார், ஆனால் டம்ளர் நிறைந்துதான் வரும். எனக்குச் சில சமயம் எரிச்சலாகக்கூட இருக்கும்.

அவருடைய வீட்டுக்காரர் காளிச்சாமி அண்ணன் ஒரு பவுண்டரியில் இரும்பு வார்க்கிற வேலையில் இருந்தார். நாள் முழுக்க உலைக்கு முன்னால் நிற்கிற உடம்பு. சாயங்காலம் சைக்கிளை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக அக்கா தண்ணீரோடு நிற்பார். அண்ணன் அண்ணாந்து, உதட்டில் படாமல், மூச்சு விடாமல் முழுச் சொம்பையும் தொண்டையில் இறக்குவார். லைன் வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும். குடித்து முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்பார். அதுவும் தயாராக இருக்கும். அவர்களுக்குக் குழந்தை இல்லை. இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவும் மாட்டார்கள். அந்தத் தண்ணீர்தான் உங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு என்று நான் அக்காவைக் கேலி செய்வேன். வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

தொண்ணூற்றைந்தில், என் மகன் சுஃப்யான் பிறந்த வருஷம், அண்ணனுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. பவுண்டரியில் நிற்கிற கால் வீங்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டார்கள். முகமும் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன, வாரத்துக்கு இரண்டு தடவை மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மெஷினை விடப் பெரிய விஷயம் வீட்டில் இருந்தது. உள்ளே போகிற தண்ணீர் வெளியே போக வழி இல்லை. அது நெஞ்சில் போய்த் தேங்கினால் மூச்சு நின்றுவிடும். ஆகையால் ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லிதான். காபி, மோர், ரசம், ஊற்றினால் ஓடுகிற எதுவானாலும் அந்த எழுநூற்றைம்பதுக்குள் அடங்க வேண்டும்.

அது எத்தனை டம்ளர் என்று அக்கா கேட்டிருக்கிறார். அது உங்கள் வீட்டு டம்ளரைப் பொறுத்தது அம்மா என்று டாக்டர் சொன்னாராம். சரியான பதில்தான், யார் இல்லை என்றது? அதை வைத்துக்கொண்டு அக்கா என்ன செய்வார்? எனக்கு இன்றைக்கும் அந்த டாக்டர் மேல் ஆத்திரம் உண்டு. மேஜைமேல் அவர் குடிக்கிற டம்ளர் ஒன்று இருந்திருக்கும். அதை எடுத்து, இதில் இவ்வளவு என்று விரல் வைத்துக் காட்டியிருந்தால் அவருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? படித்தவர்களுக்கு, மில்லி என்பது உப்பு மிளகாய் மாதிரி எல்லார் வீட்டிலும் இருக்கிற சாமான் என்று நினைப்பு.

அக்காவின் அடுப்படியில் மில்லி கிடையாது. அரிசிக்குப் படி, எண்ணெய்க்குக் கரண்டி, தண்ணீருக்குச் சொம்பு. லிட்டர் என்ற எழுத்தோடு அந்த வீட்டுக்குள் வந்தது காலையில் வாங்குகிற அரை லிட்டர் பால் பாக்கெட் மட்டும்தான். அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் பாக்கெட்டை வெட்டி, அண்ணன் காபி குடிக்கிற எவர்சில்வர் டம்ளரால் அளந்து பார்த்தார். மூன்று டம்ளர் நிறைந்து, நாலாவதில் மூன்றில் ஒரு பங்கு வந்தது. அரை லிட்டருக்கு அவ்வளவு என்றால், அதோடு அதில் பாதியைச் சேர்த்தால் முக்கால் லிட்டர். அப்படியானால் ஐந்து டம்ளர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவர், பால் பொங்குவதற்குள் நின்றபடியே போட்ட கணக்கு அது. என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, ஒரு பிசகும் இல்லை என்றார்.

ஐந்தையும் அக்கா பங்கு போட்டார். காலையில் காபி ஒன்று, மத்தியானம் சோற்றோடு மோர் ஒன்று, மீதி மூன்றும் தண்ணீர். விடிந்ததும் அதே அளவு மூன்று டம்ளரை நிரப்பி, அலமாரியில் வரிசையாக வைத்து, தட்டுப் போட்டு மூடிவிடுவார். அண்ணன் கட்டிலில் படுத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றை மத்தியானத்துக்குள் முடித்துவிடுவார். வெயில் இறங்குவதற்குள் மூன்றும் காலியாகிவிடும். அதற்கப்புறம்தான் கொடுமை ஆரம்பிக்கும். முதலில் அதட்டுவார், அப்புறம் கெஞ்சுவார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, ஒரு வாய் கொடு, ஒரே ஒரு வாய் என்று அவர் கேட்பது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். கேட்பதற்கு முன்னாலேயே கொண்டுவந்து நீட்டிப் பழகிய அக்காவுக்கு அந்த நேரத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. முந்தானையைத் திருகிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றுவிடுவார்.

மெஷினில் போடுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் எடை பார்ப்பார்கள். போன தடவையை விட எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவும் உடம்பில் தங்கிய தண்ணீர். அண்ணனுக்கு ஒவ்வொரு தடவையும் ஏற வேண்டியதை விடக் கூடுதலாக ஏறியது. இவர் திருடிக் குடிக்கிறாரா, இல்லை நீங்கள் பாவம் பார்த்துக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஐந்து டம்ளருக்கு மேல் ஒரு சொட்டுக் கொடுக்கவில்லை என்று அக்கா சத்தியம் செய்தார். அவர்கள் நம்பின மாதிரி தெரியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து காற்றுக்குத் தவித்தார். உதடு நீலம் பாய்ந்துவிட்டது. குழந்தையை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு நானும் ஆட்டோவில் ஏறினேன். எப்படியோ மெஷினில் போட்டு உயிரைப் பிடித்து வைத்தார்கள். டாக்டர் அக்காவைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படித் தண்ணீர் ஏறினால் ஆஸ்பத்திரி வந்து சேரமாட்டார், அதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

தான் கொடுத்தது ஐந்துதான் என்பது அக்காவுக்கு நிச்சயம். அப்படியானால் அண்ணன் திருடுகிறார். வேறு எப்படி யோசிக்க முடியும்? தண்ணீர்க் குடத்தை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். குளிக்கிற வாளியைக் கவிழ்த்துப் போட்டார். அண்ணன் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்டார். வாய் கொப்பளித்தால் துப்புகிற சத்தம் வரும்வரை அங்கேயே நிற்பார். ஒரு நாள் அண்ணன் கதவைத் திறந்து, அவர் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"உன் மேல சத்தியமா நான் திருடிக் குடிக்கல" என்றார். "நீயே நம்பலீன்னா நான் யாருகிட்டப் போயிச் சொல்றது அம்மணி?"

அக்கா நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அன்றிலிருந்து அண்ணன் தண்ணீர் கேட்பதையும் விட்டுவிட்டார், பேச்சையும் விட்டுவிட்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டார். அக்கா என் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார்.  

அப்படி வந்து உட்கார்ந்திருந்த ஒரு காலை நேரத்தில், நான் சுஃப்யானை மடியில் போட்டுப் பால் புட்டியைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். புட்டியில் இருக்கிற கோடுகளெல்லாம் எதற்கு என்று கேட்டார். ஐம்பது, நூறு, நூற்றைம்பது என்று மேலே இருநூற்றைம்பது வரைக்கும் போட்டிருக்கிறது, எல்லாம் மில்லி, குழந்தை எவ்வளவு குடித்தது என்று பார்ப்பதற்கு என்றேன். மில்லி என்ற சொல்லைக் கேட்டதும் விருட்டென்று எழுந்து போனார். அலமாரியில் மூடி வைத்திருந்த மூன்று டம்ளரில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தை குடித்து முடிக்கும்வரை பொறுக்க முடியாமல் நின்றார். நான் புட்டியைக் கழுவிக் கொடுத்ததும் டம்ளர்த் தண்ணீரை அதில் ஊற்றினார்.

கணக்குப்படி நூற்றைம்பதில் நிற்க வேண்டும். தண்ணீர் நூற்றைம்பதைத் தாண்டி ஏறி, இருநூறில் போய் நின்றது. அக்கா என்னைப் பார்த்தார். டம்ளரில் திருப்பி ஊற்றி மறுபடியும் அளந்தார். மறுபடியும் இருநூறுதான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அக்காதான் என் அடுப்படியிலிருந்து பாலை எடுத்து, அதே டம்ளரில், காபிக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினார். விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே கை தானாக நின்றுவிட்டது. காபி என்றால் நுரைக்கு இடம் வேண்டும், சுடுகிற டம்ளரைப் பிடிக்க விளிம்பில் இடம் வேண்டும். யாரும் யோசித்துச் செய்வதில்லை, நானும் அப்படித்தான் ஊற்றுவேன். அந்தப் பாலைப் புட்டியில் ஊற்றினால் சரியாக நூற்றைம்பது. பாக்கெட்டில் தப்பில்லை, கணக்கில் தப்பில்லை, டம்ளரும் அதே டம்ளர்தான். பாலை அளந்தபோது அக்காவின் கை விளிம்புக்குக் கீழே நின்றது. தண்ணீர் ஊற்றியபோது விளிம்பைத் தொட்ட பிறகுதான் நின்றது. மூன்று டம்ளர் தண்ணீரும், ஒரு டம்ளர் மோரும், நாலும் நாள் தவறாமல் தளும்பத் தளும்பப் போயிருக்கின்றன. நாளொன்றுக்கு இருநூறு மில்லி கூடுதல்.

அக்கா புட்டியைக் கீழே வைத்தார்.

"அவரு பொய் சொல்லலீங்க கண்ணு. நாந்தான் ஊத்தி ஊத்தி அவர மூச்சு முட்ட வெச்சுப்போட்டேன்."

நேரே போய் அண்ணனிடம் சொன்னார். நான் வாசலில் நின்றிருந்தேன். அண்ணன் சுவர்ப் பக்கம் பார்த்தபடியே முழுவதையும் கேட்டார். அப்புறம் திரும்பிப் படுத்து, உனக்குக் குறைத்து ஊற்றத் தெரியாது என்பது எனக்குத் தெரியாதா, விடு என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, வந்துவிட்டேன்.

அன்றைக்கே அக்காவும் நானும் மருந்துக்கடைக்குப் போய் ஒரு பால் புட்டி வாங்கினோம். கடைக்காரர் நல்ல மனிதர்தான். பேரனுங்களா, பேத்திங்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அக்கா ஒரு கணம் தடுமாறி, பேரனுங்க என்றார். 

என் வீட்டில் வைத்த குடத்தை அக்கா திரும்ப எடுத்துப்போனார். அதற்கப்புறம் அந்த வீட்டில் எல்லாமே புட்டிதான். காபி நூற்றைம்பது, மோர் நூறு, மீதி ஐந்நூறு தண்ணீர், ஒரு தடவைக்கு நூறு என்று ஐந்து தடவை. புட்டியில் அளந்து, டம்ளரில் ஊற்றிக் கொடுப்பார். நூறு மில்லி அந்த டம்ளரில் பாதிக்குத்தான் வரும். அந்தப் பாதி டம்ளரை முதல் சில நாள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தார்.

எடை குறைந்தது. மூச்சு சீரானது. நீங்கள் இப்படியே அளந்து கொடுத்தால் போதும் என்று டாக்டரே சொன்னார். அதிலிருந்து அண்ணனுக்கு அந்தக் கோட்டின் மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது. கோட்டைத் தாண்டாதவரைக்கும் தனக்குச் சாவு இல்லை என்று நம்பினார். அக்காவும் அதையே சொல்லிச் சொல்லி அவரைத் தேற்றினார். புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தண்ணீர் கோட்டில் நிற்கிறதா என்று சரிபார்த்த பிறகுதான் குடிப்பார். சாவதற்கு அவருக்கு ரொம்பப் பயம். அதை மறைக்கவும் மாட்டார். உருகிய இரும்பைக் கரண்டியில் ஏந்தி நடந்த மனிதர், ஒரு பால் புட்டியைத் தூக்கிக் கோடு பார்ப்பதைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வரும்.

தாகம் மட்டும் அப்படியே இருந்தது. ஈரத்துணியை உதட்டில் வைத்துக்கொள்வார். எங்காவது குழாய் திறக்கிற சத்தம் கேட்டால் கண் அங்கே போய்விடும். அக்கா அவருக்கு முன்னால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். என் வீட்டுக்கு வந்து, கதவுக்குப் பின்னால் நின்று, அவசர அவசரமாகக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போவார். அதைவிட, வாசல் கதவைச் சாத்தி வைக்க ஆரம்பித்தார். யாராவது வந்தால் தண்ணீர் கொடுக்க வேண்டும், அவர்கள் குடிப்பதை அண்ணன் பார்ப்பார். இப்படி ஒருத்தி வந்தவர்களுக்குப் பயந்து கதவைச் சாத்துவாள் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

சாத்திய கதவைத் தட்டிக்கொண்டு அண்ணனின் தங்கை சின்னாத்தாள் பொள்ளாச்சியிலிருந்து வந்தாள், ஒரு குலை இளநீரோடு. அண்ணன் காய்ந்து கிடப்பதையும், அலமாரியில் பால் புட்டி இருப்பதையும் பார்த்தாள். சங்கதியைக் கேட்டதும் கொதித்துப்போனாள். அக்கா அவளுக்கு அண்ணன் மனைவி, நங்கை என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கும் மரியாதையை விடவில்லை, அதனால்தான் இன்னும் வலித்தது.

"ஊத்திக் குடுத்த கையி இப்ப அளந்து குடுக்குதுங்களா நங்கை? எங்கூர்ல நாய்க்குக் கூட அளந்து தண்ணி வெக்கறதில்லீங்க."

லைன் வீட்டில் பாதிப் பேர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் துறுதுறுத்தது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார், ஒன்றும் சொல்லாதே என்று. சின்னாத்தாள் தானே ஒரு இளநீரைச் சீவி, இது தண்ணீர் இல்லை, மருந்து, உடம்புச் சூட்டுக்கு இதைவிட வேறு இல்லை என்று அண்ணன் வாய்க்கு நேரே நீட்டினாள். இளநீர் இந்த நோய்க்கு விஷம் என்று ஆஸ்பத்திரியில் தனியாகவே சொல்லியிருந்தார்கள். அக்கா தடுக்கவில்லை. தடுத்தால் கொலைகாரி, விட்டாலும் கொலைகாரி.  அண்ணன் இளநீரையே கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தங்கையின் கையை மெதுவாகத் தள்ளிவிட்டு, அக்காவிடம் தன் பங்கு நூறு மில்லியைக் கொண்டுவரச் சொன்னார். சின்னாத்தாள் அழுதுகொண்டே அன்று மாலை பஸ் ஏறினாள். எங்கள் லைனில் அக்காவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அப்புறமும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அடுத்த வெயில் காலத்தில் அண்ணனின் இருதயம் விட்டுக்கொடுக்க ஆரம்பித்தது. மெஷினில் போட்டால் ரத்த அழுத்தம் அடியோடு இறங்கி நினைவு தப்பிவிடும். பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. அப்படி நிறுத்திய ஒரு நாள் டாக்டர் அக்காவை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். துணைக்கு நான் போனேன். இந்தத் தடவை அவர் பொறுமையாகவே பேசினார். இனி இவர் உடம்பு மெஷினைத் தாங்காது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், மிஞ்சிப் போனால் ஒரு வாரம் என்றார். அப்புறம், தண்ணீர் கேட்டால் கொடுங்கள், இனி அளவெல்லாம் வேண்டாம் என்றார்.

"எவ்வளவு குடுக்கலாமுங்க?" என்று அக்கா கேட்டார்.

எவ்வளவு வேண்டுமானாலும் என்றார் டாக்டர். அக்கா அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டார். டாக்டர் அதே பதிலை இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு வருஷமாக இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அக்கா ஏங்கிக்கொண்டிருந்தார். அது கிடைத்துவிட்டது. ஆட்டோவில் அண்ணன் அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். கொஞ்ச நாள் மெஷின் வேண்டாம், உடம்பு தேறட்டும் என்று டாக்டர் சொன்னதாக அக்கா அவரிடம் சொன்னார். நல்லதாகப் போயிற்று என்றார் அண்ணன்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் கேட்டார். அக்கா அடுப்படிக்குப் போய், குடத்தைச் சாய்த்து டம்ளரை நிரப்பினார். கை பழையபடி விளிம்பில்தான் போய் நின்றது. எடுத்துக்கொண்டு இரண்டடி வைத்தவர் நின்றுவிட்டார். திரும்பிப் போய் அந்தத் தண்ணீரைக் குடத்திலேயே கொட்டினார். புட்டியை எடுத்து, நூறு வரைக்கும் ஊற்றினார்.

எனக்கு வந்த கோபத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரே சொன்ன பிறகும் என்ன அளவு, அந்த மனிதர் ஆசை தீரக் குடித்துவிட்டாவது போகட்டும் என்று தாழ்ந்த குரலில் சண்டை போட்டேன். அக்கா என் கையை விலக்கினார்.

"நெறையக் குடுத்தா அவருக்குத் தெரிஞ்சுபோயிருங் கண்ணு."

 கோட்டுக்குள் இருக்கிறவரை சாவில்லை என்று நம்புகிறவரிடம் தளும்பத் தளும்ப ஒரு டம்ளரை நீட்டினால், வேறு யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. அக்காவுக்கு அது அந்த இரண்டடிக்குள் தெரிந்துவிட்டது. எனக்கு இவ்வளவு நேரம் பிடித்தது.

அந்த வாரம் முழுக்க அக்கா திருட்டுத்தனம் செய்யப் பார்த்தார். நூறுக்குப் பதிலாக நூற்று இருபது, நூற்று முப்பது என்று ஊற்றுவார். மோரைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்பார். ஆனால் அண்ணனுக்குக் கை கால் விழுந்தாலும் கண் விழவில்லை. புட்டியைக் காட்டச் சொல்லி, கோட்டுக்கு மேலே இருக்கிறது, கொஞ்சம் எடுத்துவிடு, மறுபடியும் மெஷினுக்குப் போகும்போது எடையில் தெரிந்துவிடும் என்பார். சரிங்க என்று அக்கா சாய்த்துக் கொட்டுவார். மறுபடி காட்டுவார். அண்ணன் தலையை ஆட்டிய பிறகு, அந்தப் பாதி டம்ளரை அவருக்குப் புகட்டுவார். நான் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். இதில் யாரைத் திட்டுவது, யாரிடம் கேட்பது?

கடைசி நாள் அண்ணனுக்கு உதடு வெடித்துப் பேச்சு பாதி காற்றாகத்தான் வந்தது. மத்தியானம் தாண்டியிருக்கும். இன்றைக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். அன்று காபியும் மோரும் அவருக்கு இறங்கவே இல்லை, தண்ணீர்தான் அக்கா நாலு தடவை கொடுத்திருந்தார். தண்ணீரில் இன்னும் ஒரு நூறு பாக்கி இருக்கிறது, இப்போதே குடித்துவிடுங்கள் என்று அக்கா புட்டியில் ஊற்றிக் கொண்டுவந்தார். அண்ணன் அதைப் பார்த்தார். சரியாகக் கோட்டில் நின்றது.

"இருக்கட்டும் அம்மணி" என்றார். "ராத்திரிக்கு வேணும்."

பரவாயில்லைங்க, குடிங்க என்று அக்கா இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொன்னால் சந்தேகப்படுவார் என்று பயந்து நிறுத்திக்கொண்டார். புட்டியை மூடி, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அலமாரியில் வைத்தார். விளக்கு வைப்பதற்கு முன்பே அண்ணன் போய்விட்டார். ராத்திரிக்கு என்று அவர் மிச்சம் பிடித்த நூறு மில்லி, கோட்டில் அப்படியே இருந்தது.